பெயர் இல்லாத மழை: ராமேஸ்வரம், 20 நவம்பர் 2024 – ஒரு மாணவர் ஆய்வுக்குத் தரவு சேர்த்த விவரம்

“சார், ஒரே மழைக்கு மூணு தேதி இருக்கு. எதை எடுத்துக்கிறது?”

முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி நோட்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள். அவளுக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். 2024 நவம்பர் 20, புதன்கிழமை ராமேஸ்வரம் தீவில் கொட்டிய மழையை அவளும் இன்னும் இரண்டு மாணவர்களும் ஆய்வுத் திட்டமாக எடுத்திருந்தார்கள். செய்தித்தாளில் மழை 20ஆம் தேதி. அரசு மழைப் பட்டியலில் 21. செயற்கைக்கோள் கோப்புகளில் அன்று அதிகாலை மேகத்தைத் தேடினால் அது 19ஆம் தேதிக் கோப்பில் கிடக்கிறது. மூன்றுமே சரி. ஆனால் இது புரியாமல் மூன்றையும் ஒரே எக்செல் தாளில் போட்டால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும்.

அந்த ஆய்வுக்குத் தரவு எங்கெங்கே கிடைத்தது, எங்கே கை விரித்தது, எங்கே எங்களைத் தப்பாக நம்பவைத்தது என்பதையெல்லாம் எழுதிவைக்கிறேன். நம் கடற்கரை மாவட்டங்களில் வானிலை படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இதே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

ஏன் இந்த மழை

ராமநாதபுரத்தில் வானிலை ஆய்வு என்றாலே மாணவர்கள் முதலில் சொல்வது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு ஊரையும் ரயிலையும் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், வேறு எதைச் சொல்வார்கள்? ஆனால் முதல் ஆய்வுக்கு அதை எடுக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மணிக்கு 280 கிலோமீட்டர் என்று எல்லா இடத்திலும் வரும் காற்று வேகம் ஒரு மதிப்பீடு, கருவியில் பதிவான எண் அல்ல. புதுடெல்லி மண்டல புயல் மையம் எக்செல் கோப்பாகத் தரும் புயல் பாதைத் தரவு 1982இலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய புயல்களின் பாதைக்குப் புயல் அட்லஸைத் தேட வேண்டும். சோதித்துப் பார்க்க எண்கள் அதிகம் இல்லாத நிகழ்வில் மாணவன் கடைசியில் வரலாறுதான் எழுதுவான்.

இன்னொரு பக்கம், 2020 டிசம்பரில் வந்த புரெவி. திரிகோணமலைக்கு வடக்கே கரையேறி, இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, பாம்பன் பக்கத்தில் வலுவிழந்து, நம் கரையை ஒட்டி நகராமல் நின்ற புயல். நின்றது இங்கே, பெருமழை பெய்தது சிதம்பரம் பக்கம். அருமையான ஆய்வுப் பொருள்தான். பெயர் வைத்த புயல் என்பதால் அதற்கு முழு அறிக்கை இருக்கிறது: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மையம் எங்கே இருந்தது, அழுத்தம் எவ்வளவு, எந்த எச்சரிக்கை எப்போது போனது என்று எல்லாம் ஒரே இடத்தில். தரவு சேர்க்கும் வேலை பாதி முடிந்த மாதிரி.

20 நவம்பர் 2024 அப்படி இல்லை. அன்று புயல் இல்லை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் இல்லை. பத்து நாள் கழித்து ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஊர் உலகமே அதைப் பேசியது, ராமேஸ்வரம் மழை பின்னுக்குப் போய்விட்டது. 21ஆம் தேதி காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் ராமேஸ்வரத்தில் 44 செ.மீ, தங்கச்சிமடத்தில் 34, பாம்பனில் 28, மண்டபத்தில் 27. வானிலைத் துறைக் கணக்கில் 20.4 செ.மீ தாண்டினாலே அதி கனமழை. நான்கு இடமும் தாண்டிவிட்டன. இந்த மாவட்டத்துக்கு ஆண்டு முழுக்கச் சராசரியாகக் கிடைப்பதே சுமார் 827 மி.மீ. அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் இறங்கியிருக்கிறது. பெயர் இல்லாததால் இதற்கென்று ஒரு கோப்பு எங்கும் இல்லை. துண்டு துண்டாகத்தான் பொறுக்க வேண்டும். அதனால்தான் இதை எடுக்கச் சொன்னேன்.

முதலில் கடிகாரம்

இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடியும். எந்தத் தேதியில் முடிகிறதோ அந்தத் தேதிதான் பட்டியலில் இருக்கும். ஆகவே 20ஆம் தேதி மத்தியானம் கொட்டியது 21 என்று பதிவாகும். காலை 8.30 ஏன் என்றால், அது உலக நேரமான யுடிசியில் சரியாக 3 மணி. நம் நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. 20ஆம் தேதி அதிகாலை 4 மணி என்பது யுடிசியில் 19ஆம் தேதி இரவு 10.30.

மாணவர்களை முதல் வாரம் வேறு எதையும் தொட விடவில்லை. ஒரு பெரிய சார்ட்டில் மூன்று கோடு போடச் சொன்னேன்: மேலே நம் நேரம், நடுவே யுடிசி, கீழே மழை நாள். பிறகு எந்தத் தரவு கையில் வந்தாலும் முதலில் அந்தச் சார்ட்டில் அது எங்கே உட்காருகிறது என்று பென்சிலால் குறித்துவிட்டுத்தான் கணினியில் ஏற்ற வேண்டும். சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். அந்தச் சார்ட் இல்லாமல் இந்த ஆய்வு முடிந்திருக்காது.

மழைப் பட்டியலும் பெயிண்ட் வாளியும்

தரையில் அளந்த மழைக்கு முதல் ஆதாரம் மாவட்ட நிர்வாகம் தினமும் வெளியிடும் பட்டியல். ராமநாதபுரம், மண்டபம், பள்ளமோர்குளம், ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், ஆர்.எஸ். மங்கலம், தீர்த்தாண்டதானம், வட்டாணம், தொண்டி, வாலிநோக்கம் என்று ஊர்ப் பெயர்களோடு மி.மீ கணக்கில் வரும். வாட்ஸ்அப்பில் சுற்றும் போட்டோவை நம்பாமல் மூலப் பட்டியலைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு பகிர்வில் சில மணி நேர மழையும் முழு நாள் மழையும் கலந்துகிடந்ததை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். ராமேஸ்வரத்துக்கு 41 செ.மீ என்றும் வரும், 44 செ.மீ என்றும் வரும். முதலாவது பத்து மணி நேரத்து மழை, இரண்டாவது 24 மணி நேரத்துக்கு. இரண்டையும் முரண்பாடு என்று எழுதிவிட்டால் அசிங்கமாகிவிடும்.

தங்கச்சிமடத்து மாணவியின் அப்பத்தா முற்றத்தில் ஒரு காலி பெயிண்ட் வாளியை வைத்திருந்தாராம். மாலைக்குள் அது நிறைந்து வழிந்துவிட்டது. “வாளி 35 செ.மீ உயரம் சார், அப்போ 35 செ.மீ மழை” என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டு வந்தாள். வாளியைக் கொண்டுவரச் சொன்னேன். வாய் அகலம் 29 செ.மீ, அடி அகலம் 25. வாய் பெரிது, அடி சிறிது. அப்படியானால் வாளிக்குள் தண்ணீர் நிற்கும் உயரம் மழையின் அளவைவிட எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். சரியான கணக்கு இதுதான்: வாளி கொள்வது 20 லிட்டர், அதாவது 20,000 கன செ.மீ. மழையைப் பிடித்த வாயின் பரப்பு சுமார் 660 சதுர செ.மீ. வகுத்தால் 30 செ.மீ. வாளி வழிந்துவிட்டதால் மாலைக்குள் குறைந்தது 30 செ.மீ என்று மட்டும் சொல்லலாம், அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல முடியாது. கூரைத் தண்ணீர் அதில் சொட்டவில்லை என்பதை அவள் வீட்டுக்குப் போய் நின்று பார்த்து உறுதி செய்துகொண்டாள். அந்த நாளின் மொத்தம் பட்டியலில் 34. வாளி அதை மறுக்கவில்லை. பட்டியலில் ஒரு எண்ணாக இருந்தது தன் வீட்டு முற்றத்தில் நின்ற தண்ணீர்தான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

வானிலைத் துறையின் புனே அலுவலகம் 0.25 பாகை கட்டங்களாகப் பிரித்து 1901 முதல் தினசரி மழையை இலவசமாகத் தருகிறது. நாடு முழுக்க 6,955 மழைமானி நிலையங்களின் பதிவை வைத்துச் செய்தது. நீண்டகாலப் போக்கைப் பார்க்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் ஒரு கட்டம் பக்கத்துக்குப் பக்கம் 27, 28 கிலோமீட்டர். ராமேஸ்வரத்துக்கும் பாம்பனுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அதற்குள் 44க்கும் 28க்கும் உள்ள வித்தியாசம். கட்டத் தரவு இதையெல்லாம் அரைத்துச் சமமாக்கிவிடும். இன்னொன்று, அது நிலத்துக்கு மட்டும்தான். கடல் கட்டங்களில் -999 என்று இருக்கும். அது மழையளவு அல்ல, ‘இங்கே தரவு இல்லை’ என்பதற்கான குறி. அதை நீக்காமல் சராசரி எடுத்தால் மழை எதிர்மறையில் வரும். வரத்தான் செய்தது, ஒரு மாணவனுக்கு.

மேகவெடிப்பு என்று சொல்லலாமா

செய்திகள் எல்லாம் மேகவெடிப்பு என்றன. மாணவர்களும் தலைப்பிலேயே அப்படித்தான் எழுதினார்கள். இங்கேதான் நான் ரொம்பப் பிடிவாதமாக நின்றேன். வானிலைத் துறையின் வரையறைப்படி ஏறத்தாழ 20, 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ கொட்ட வேண்டும். எங்களிடம் இருந்த மிக நுணுக்கமான எண் பாம்பனில் காலை 11.30 முதல் 2.30 வரை 19 செ.மீ என்பது. நாள் முழுக்கப் பெய்த 28இல் மூன்றில் இரண்டு பங்கு அந்த மூன்று மணி நேரத்தில். பயங்கரமான மழை, சந்தேகமே இல்லை. ஆனால் சராசரி போட்டால் மணிக்கு 6.3 செ.மீதான். நடுவில் ஒரு மணி நேரம் 10ஐத் தாண்டியிருக்கலாம், தாண்டாமலும் இருக்கலாம். மூன்று மணி நேர எண்ணை வைத்து அதைச் சொல்ல வழியில்லை. அதற்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் தானியங்கி மழைமானியின் கோப்பு வேண்டும்.

அந்தக் கோப்புக்கு எழுதிக் கேட்க வேண்டும். வானிலைத் துறையின் தரவு வழங்கும் தளத்தில் பதிவு செய்து, கல்லூரித் தலைவர் கையெழுத்திட்ட சான்றோடும், தரவை இந்த ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துவேன் என்ற உறுதிமொழியோடும் விண்ணப்பிப்பதுதான் முறை. நாங்கள் ஆரம்பத்தில் ஒரு அலுவலகத்துக்குப் பொதுவாக ‘மழைத் தரவு வேண்டும்’ என்று கடிதம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். தப்பு எங்கள் பக்கமும் உண்டு. எந்த நிலையம், எந்த நாள் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த அளவு, எத்தனை நிமிட இடைவெளி என்று நான்கையும் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதிய இரண்டாவது கடிதத்துக்குத்தான் கேள்வியாவது திரும்பி வந்தது. இந்த விண்ணப்பத்தைத் திட்டம் தொடங்கும் முதல் வாரமே போட்டுவிடுங்கள். கடைசி மாதத்தில் போட்டால் பட்டம் வாங்கின பிறகுதான் தரவு வரும்.

காத்திருக்கும் நேரத்தில் சைனாப் செய்திகளைப் படிக்கலாம். உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும் எண் செய்திகள் இவை, ஓகிமெட் தளத்தில் பழையவையும் கிடைக்கும். பாம்பனின் எண் 43363. ஐந்தைந்து இலக்கமாக இருக்கும். உதாரணத்துக்கு 40092 என்று ஒரு குழு இருந்தால், முதல் 4 கடல்மட்ட அழுத்தம் என்பதற்கு, மீதி 0092 என்பது 1009.2 ஹெக்டோபாஸ்கல். 6இல் தொடங்குவது மழை. அதன் கடைசி இலக்கம் எத்தனை மணி நேரத்து மழை என்பதைச் சொல்லும். அதைக் கவனிக்காமல் அடுத்தடுத்த செய்திகளைக் கூட்டினால் ஒரே மழையை இரண்டு முறை எண்ணுவோம். ஒரு மாணவன் இதைக் கையாலேயே பிரித்து எழுதப் பழகி, கடைசியில் பார்த்தவுடன் படிக்க ஆரம்பித்துவிட்டான்.

மேலே இருந்து பார்த்தால்

இன்சாட் செயற்கைக்கோள் படங்களுக்கு அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மோஸ்டாக் தளம். பதிவு செய்துகொண்டால் மூலக் கோப்புகளே கிடைக்கும், அரை மணிக்கு ஒன்று. கோப்பின் பெயரிலேயே நாளும் யுடிசி நேரமும் இருக்கும். 0615 என்றால் நமக்கு 11.45. அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி 4 கிலோமீட்டர், தீவுக்கு இது போதும். மேகம் உயர உயர அதன் உச்சி குளிரும். அந்த உச்சியின் வெப்பநிலை எப்போது சரசரவென்று இறங்கியது என்று பார்ப்பதுதான் வேலை. படமாக இறக்காமல் எண்களாக இறக்கிப் பைதானில் வரையச் சொன்னேன். வண்ணப் படத்தில் சிவப்பு என்பது அதை வரைந்தவர் வைத்த எல்லை மட்டும்தான்.

செயற்கைக்கோள்களை வைத்துக் கணக்கிடும் நாசாவின் ஐமெர்க் மழைத் தரவு 0.1 பாகைக் கட்டத்தில், அரை மணிக்கு ஒன்று. அதில் உள்ள எண் மணிக்கு எத்தனை மி.மீ என்ற வேகம், அரை மணி நேரத்துக்கான மழை வேண்டுமானால் பாதியாக்க வேண்டும். உடனடிப் பதிப்பு, தாமதப் பதிப்பு, இறுதிப் பதிப்பு என்று மூன்று உண்டு. மழைமானியோடு ஒப்பிட்டுத் திருத்திய இறுதிப் பதிப்பு மூன்றரை மாதம் கழித்துத்தான் வரும், ஆய்வுக்கு அதுதான். இதிலும் ஒரு கட்டம் 120 சதுர கிலோமீட்டர். மேகவெடிப்பின் பரப்பைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு.

ஐரோப்பிய வானிலை மையம் பழைய அளவீடுகளையும் கணினி மாதிரியையும் சேர்த்துக் கணக்கிட்ட ஈஆர்ஏ5 தரவு மணிக்கு மணி காற்று, ஈரப்பதம், அழுத்தம் எல்லாம் தரும், 1940இலிருந்து. மழையை மட்டும் அதில் நம்பக் கூடாது. அதன் கட்டத்துக்கு நம் தீவு பெரும்பாலும் கடல்தான். மழை மீட்டரில் இருக்கும் என்பது தெரியாமல் 0.004ஐப் பார்த்துவிட்டு “மழையே இல்ல சார்” என்று பதறியவர்களும் உண்டு. ஆயிரத்தால் பெருக்கினால் 4 மி.மீ.

ஈஆர்ஏ5 எங்களுக்கு உதவியது வேறு ஒரு கேள்விக்கு. ஒரு இடத்துக்கு மேலே தூண் மாதிரி நிற்கும் காற்றில் உள்ள நீராவி முழுவதையும் பிழிந்தாலும் ஈரமான நாளில் 6, 7 செ.மீதான் தேறும். 44 எங்கிருந்து வந்தது? மேகம் வெடித்து உள்ளே இருந்தது கொட்டியது என்ற பேச்சு இங்கேயே விழுந்துவிடுகிறது. கடலிலிருந்து ஈரக் காற்று விடாமல் வந்து அதே இடத்தில் குவிந்துகொண்டே இருந்திருக்க வேண்டும், ஒரு மேகம் தீர்ந்த இடத்தில் அடுத்தது எழுந்திருக்க வேண்டும். மாணவர்களின் உண்மையான ஆய்வுக் கேள்வி இதிலிருந்துதான் பிறந்தது: பாக் நீரிணைப் பக்கத்துக் காற்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்துக் காற்றும் அன்று எங்கே சந்தித்தன?

அதற்கு ரேடார் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். காரைக்கால் ரேடார் பாம்பனிலிருந்து சுமார் 195 கிலோமீட்டர். பூமி வளைந்திருப்பதால் அரைப் பாகை உயரத்தில் அனுப்பும் கற்றை பாம்பனுக்கு வரும்போது ஏறத்தாழ 4 கிலோமீட்டர் மேலே போகிறது. அதற்குக் கீழே காற்று எப்படி மோதியது என்பது அதன் கண்ணில் படாது. தும்பா ரேடார் 270 கிலோமீட்டர், நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை வேறு. ராமநாதபுரத்தில் ரேடார் அமைக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தபோது எங்கள் வகுப்பில் கைதட்டினார்கள். காரைக்கால் படங்களும் இணையத்தில் அந்த நேரத்துக்கு மட்டும்தான் தெரியும், அடுத்தடுத்த படம் வர வர பழையது போய்விடும். அன்று எங்களில் யாரும் சேமிக்கவில்லை. இப்போது மழை எச்சரிக்கை வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படத்தைச் சேமிக்கும் சின்ன நிரலை ஒரு மாணவன் எழுதிவைத்திருக்கிறான்.

கரையில் கேட்டது

காற்று பற்றிய தரவில் இருந்த ஓட்டையை அடைக்க மாணவர்களைப் பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் அனுப்பினேன். படகுக்காரர்களுக்குத் திசை பாகையில் தெரியாது, ஆனால் காற்றின் பெயர் தெரியும். வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோளகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கு, தென்மேற்கிலிருந்து. ‘காற்று எந்தப் பக்கம்?’ என்று கேட்காமல் ‘என்ன காத்துண்ணே அடிச்சது, எப்ப மாறுச்சு?’ என்று கேட்கச் சொன்னேன். நேரத்தைக் கடிகாரத்தில் கேட்காமல், பள்ளிக்கு மணி அடித்ததற்கு முன்னா பின்னா, லுஹர் (மத்தியானத் தொழுகை) பாங்கு சொன்னபோதா என்று நங்கூரம் போட்டுக் கேட்டால் பதில் தெளிவாக வரும். மூன்று பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால் மட்டும் எழுதிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம்.

மீன்வளத் துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் தராமல் நிறுத்தும் நாள்களின் விவரமும் ஒரு தரவுதான், எச்சரிக்கை எப்போது கரைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு. வீடியோக்களைப் பொறுத்தவரை, அனுப்பப்பட்ட நேரத்தை எடுக்கக் கூடாது. எடுத்தவரின் போனில் இருக்கும் மூலக் கோப்பின் நேரத்தைத்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை நின்றது என்பதைப் பிறகு நேரில் போய் டேப் வைத்து அளந்தார்கள்.

அறிக்கையில் கடைசியாக நின்றவை இவ்வளவுதான்: மழை எங்கே எவ்வளவு என்பது உறுதியாக, எந்த மூன்று மணி நேரத்தில் கனமாக இருந்தது என்பது பாம்பனுக்கு மட்டும் உறுதியாக, காற்றுக் குவிப்பு பற்றியது ‘இப்படி இருந்திருக்கலாம், சோதிக்க இன்ன தரவு வேண்டும்’ என்ற அளவில். தலைப்பிலிருந்த ‘மேகவெடிப்பு’ என்ற சொல்லை அந்த மாணவியே பேனாவால் அடித்துவிட்டு மேலே ‘அதி கனமழை’ என்று எழுதினாள். 15 நிமிடப் பதிவுக்கான விண்ணப்ப நகலைப் பின்னிணைப்பில் வைத்திருக்கிறோம், அடுத்த வருட மாணவர்கள் அங்கிருந்து தொடங்குவார்கள். வாளியை அப்பத்தா திருப்பிக் கேட்டுவிட்டார். அதற்குப் பதிலாக அந்த முற்றத்தில் இப்போது நேர் சுவர் உள்ள ஒரு டப்பா இருக்கிறது, பக்கத்தில் ஒரு ஸ்கேல் ஒட்டியிருக்கிறது. தினமும் காலை 8.30க்கு அவர்தான் பார்த்து எழுதுகிறார்.